இனர்ஷியா அலகு மாற்றம்: சின்ன பாகங்களுக்கு ஒரு கேள்வி பதில்

ஸ்டெப்பர், செர்வோ மோட்டார் தேர்வு செய்யும்போது நிலைமத் திருப்புத்திறனில் (சுழலும் பொருள் தன் வேக மாற்றத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு), அதாவது பட்டறையில் நாம் சொல்லும் இனர்ஷியாவில், அலகு குழம்பிப் போனவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி (டிப்ளமோ மாணவர்): அண்ணா, நெமா 17 (மோட்டார் முகப்பின் அளவைச் சொல்லும் குறியீடு) மோட்டார் டேட்டாஷீட்டில் ரோட்டார், அதாவது சுழலும் உள்பாகத்தின் இனர்ஷியா 54 கிராம் செ.மீ² என்று இருக்கிறது. கிலோகிராம் மீ²-க்கு மாற்ற 1000-ஆலும் 100-ஆலும் வகுத்தேன். 0.00054 வந்தது. சரியா?

பதில்: இல்லை தம்பி. செ.மீ-க்கு மேலே வர்க்கம் இருக்கிறது, அதனால் 100-ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும். மொத்தம் 1 கோடி, அதாவது 10⁷. சரியான விடை 0.0000054, அதாவது 5.4 × 10⁻⁶ கிலோகிராம் மீ². சின்ன மோட்டார் கணக்கு முழுவதையும் கிராம் செ.மீ²-இலேயே போட்டுவிட்டு, டார்க் (முறுக்குவிசை) கணக்கிடும் கடைசி வரியில் மட்டும் மாற்றுங்கள். இத்தனை சுழியத்தை வரிக்கு வரி சுமந்தால் ஒன்று எங்காவது விழுந்துவிடும்.

கேள்வி (சி.என்.சி. ரவுட்டர் கட்டுபவர்): அமெரிக்க கேட்டலாக் ஒன்றில் ரோட்டார் இனர்ஷியா 0.001 அவுன்ஸ் இன்ச் செகண்ட்². இணையத்தில் கிடைத்த பெருக்கெண் 182.9. பெருக்கினால் 0.18 கிராம் செ.மீ²தான் வருகிறது. நம்பலாமா சார்?

பதில்: நம்பாதீர்கள். அந்த 182.9, அவுன்ஸ் இன்ச்²-க்கு உரியது. 28.35 கிராமை 6.4516 செ.மீ²-ஆல் பெருக்கினால் கிடைப்பது. அங்கே அவுன்ஸ் என்பது நிறை. உங்கள் கேட்டலாக்கில் செகண்ட்² இருக்கிறது, அதனால் அங்கே அவுன்ஸ் என்பது விசை. டார்க்கைக் கோண முடுக்கத்தால் வகுத்து வந்த அலகு அது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது புவியீர்ப்பு முடுக்கம், இன்ச் கணக்கில் 386. ஆக 1 அவுன்ஸ் இன்ச் செகண்ட்² என்பது 182.9 × 386, ஏறத்தாழ 70,600 கிராம் செ.மீ². உங்கள் ரோட்டார் 70.6 கிராம் செ.மீ². நெமா 17 அளவு மோட்டாருக்கு இது பொருத்தமான எண்.

பவுண்ட் இன்ச் செகண்ட்²-க்கும் அதே 386தான். கிராம் விசையில் எழுதிய கிராம் செ.மீ. செகண்ட்² வந்தால் 981. அட்டவணையைத் திறப்பதற்கு முன்னால் அலகில் செகண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது விசை.

கேள்வி (மெயின்டனன்ஸ் பிட்டர்): பழைய ஜப்பானிய மெஷின் ஒன்றின் மேனுவலில் ஜிடி² = 0.0012 கிலோகிராம் மீ² என்று போட்டிருக்கிறது. இதுவும் இனர்ஷியாதானா? 9.81-ஆல் வகுக்க வேண்டுமா?

பதில்: இனர்ஷியாவின் 4 மடங்கு அது. ஜி என்பது எடை; டி என்பது சுழற்சி ஆரம் இல்லை, அதன் இரட்டிப்பான விட்டம். 4-ஆல் வகுத்தால் 0.0003, அதாவது 3 கிலோகிராம் செ.மீ². 9.81 இதில் வரவே வராது. கிலோகிராம் விசையும் கிலோகிராம் நிறையும் எண்ணளவில் ஒன்றுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோட்டாரை ஜிடி²-இலும் சுமையைச் சாதாரண இனர்ஷியாவிலும் வைத்து, சுமை மோட்டாரைப் போல் எத்தனை மடங்கு என்று விகிதம் பார்த்தேன். 12-க்கு 1 வர வேண்டியது 3-க்கு 1 என்று வந்தது. ஓடவிட்டதும் டேபிள் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அதிர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே அலகில் வந்த பிறகுதான் விகிதம் பார்க்க வேண்டும்.

கேள்வி: 40 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன் கொண்ட அலுமினியத் தட்டு. கேட் மென்பொருள் ஓரிடத்தில் 2,51,327 மி.மீ⁴ என்கிறது, இன்னோரிடத்தில் 6,786 கிராம் மி.மீ² என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். மி.மீ⁴ என்பது வெட்டுமுகத்தின் கணக்கு. தண்டு முறுக்கத்தைப் பார்க்க உதவும். அதைத் தடிமன் 10-ஆலும் அலுமினிய அடர்த்தி 0.0027 கிராம்/மி.மீ³-ஆலும் பெருக்கிப் பாருங்கள், அதே 6,786 வரும். 100-ஆல் வகுத்தால் 67.9 கிராம் செ.மீ². எடை 33.9 கிராம், ஆரம் 2 செ.மீ.; பாதி × நிறை × ஆர வர்க்கம் போட்டாலும் அதேதான்.

கேள்வி: 2 கிலோ டேபிள், 5 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு டேபிள் நகரும் தூரம்) கொண்ட ஸ்க்ரூ. டேபிளால் மோட்டாரின் மேல் எவ்வளவு இனர்ஷியா வரும்?

பதில்: லீடை 2π-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, நிறையால் பெருக்குங்கள். 12.7 கிராம் செ.மீ²தான், மேலே பார்த்த தட்டைவிடக் குறைவு. ஸ்க்ரூவும் கப்ளிங்கும் தனியாகச் சேரும். பல நேரம் அவைதான் பெரிய பங்கு.

கேள்வி: டிராயிங் இல்லாத, கோணல்மாணலான பாகம் என்றால்?

பதில்: இரண்டு மீன்பிடி நரம்பில் தொங்கவிட்டு அளக்கலாம். நரம்புகள் சம நீளமாக, இணையாக, சுழல் அச்சுக்கு இருபுறமும் சம தூரத்தில் இருக்கட்டும். அச்சு செங்குத்தாக நிற்க வேண்டும். லேசாகத் திருக்கிவிட்டு 20 அலைவுக்கு நேரம் எடுத்து, 20-ஆல் வகுத்து ஓர் அலைவின் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். நிறை × 981 × நரம்புகளின் இடைவெளி² × ஓர் அலைவு நேரம்², இதை 16π² × நரம்பு நீளத்தால் வகுத்தால் கிராம் செ.மீ² கிடைக்கும். எல்லாம் கிராம், செ.மீ., செகண்டில். மேலே சொன்ன அதே தட்டை 3 செ.மீ. இடைவெளியில் 50 செ.மீ. நரம்பில் தொங்கவிட்டால் 20 அலைவுக்கு 27 செகண்டு அளவில் வர வேண்டும். முதலில் அதை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். இடைவெளியை மட்டும் வெர்னியரால் அளங்கள். 3 செ.மீ-இல் 1 மி.மீ. பிசகினால் விடை 7 சதவீதம் மாறிவிடும்.