வயர் இல்லாத க்ளூ கன்: வாங்கும் முன் குச்சியை எண்ணுங்கள்

கேள்வி: ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே ஆரத்தித் தட்டு, சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்து தருகிறேன். மேடைக்குத் தெர்மாகோல் எழுத்துகளும் ஒட்டித் தருவதுண்டு. பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னுக்கு மண்டபத்தில் பிளக் பாயிண்ட் கிடைக்காமல் ஒவ்வொரு விசேஷத்துக்கும் திண்டாட்டம்தான். சார்ஜ் போடும் கார்ட்லெஸ் க்ளூ கன் வாங்கலாம் என்று பார்த்தால், ஒன்று பேனா மாதிரி சின்னதாக இருக்கிறது. இன்னொன்றுக்குப் பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டுமாம். எதை வாங்குவது? இப்போதிருக்கும் 20 வாட் கன்னைத் தூக்கிப் போட்டுவிடலாமா? தெர்மாகோல் உருகிப்போவதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: அந்த 20 வாட் கன்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்காகத் தட்டு செய்ய அதைவிட நம்பிக்கையான கருவி இல்லை. கார்ட்லெஸ், மண்டபத்துக்கென்று வைத்துக்கொள்ளும் இரண்டாவது கன். வீட்டு வேலை வேறு, மண்டப வேலை வேறு என்று பிரித்துக்கொண்டாலே எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீரும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், டிரில் மெஷின் போன்ற கருவிகள் பட்டனை அழுத்தும்போது மட்டும்தான் பேட்டரியைத் தின்னும். க்ளூ கன் அப்படியில்லை. நீங்கள் லேஸை அளந்து வெட்டும்போதும், பெண் வீட்டார் வந்து ஏதோ கேட்க நின்று பதில் சொல்லும்போதும், பசை வரும் முனையான நாசிலைச் சூடாக வைத்திருக்க அது கரண்டைச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கும். சூடு உண்டாக்குவது பேட்டரிக்கு மிகக் கடினமான வேலை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேனா வடிவக் கன்களில் பெரும்பாலும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கும். அதன் கொள்ளளவு 1.5 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், இரண்டையும் பெருக்குங்கள். 5.4 வாட்-மணி வரும். உங்கள் 20 வாட் கன் முழு மூச்சில் எரிந்தால் இந்தச் சேமிப்பைப் பதினாறே நிமிடத்தில் காலி செய்துவிடும். நல்லவேளையாக, நாசில் சூடேறியதும் உள்ளேயிருக்கும் ஹீட்டர் தானாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். அதனால் நடைமுறையில் அரைமணி நேரம், ஐந்தாறு சின்னக் குச்சி வரை ஓடும். அந்தக் குச்சிகளை உருக்க மட்டும் தேவைப்படும் சக்தி இதில் ஒரு பகுதிதான். மீதியெல்லாம் சூடாகக் காற்றில் போய்விடுகிறது. கையில் கன்னை வைத்துக்கொண்டு யோசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பேட்டரிக்கு நஷ்டம். எனவே கார்ட்லெஸ்ஸைப் பொறுத்தவரை, ஒட்ட வேண்டியதையெல்லாம் முதலில் வெட்டி, அடுக்கி, எது எங்கே என்று வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்து வரும் இரண்டு மூன்று விசேஷங்களில், மண்டபத்தில் மட்டும் எத்தனை குச்சி தீர்ந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள். வீட்டில் தீர்ந்தது இந்தக் கணக்கில் சேராது. தட்டு அலங்காரம் செய்கிறவர்களுக்கு மண்டபத்தில் இருப்பது பெரும்பாலும் ஒட்டுப்போடும் வேலைதான்: வண்டியில் வரும்போது கழன்ற முத்து, விழுந்த பூ, கடைசி நேரத்தில் சேர்க்கச் சொன்ன பெயர்ப்பலகை. இதற்கு நான்கு குச்சிக்கு மேல் செலவாகாதென்றால் பேனா வடிவக் கன்னே போதும். பாஷ் நிறுவனத்தின் க்ளூபென் இந்த வகைதான், 7 மி.மீ குச்சி போடுவது. மேடை முழுவதையும் அங்கேயே ஒட்டுகிறேன், பத்துப் பதினைந்து குச்சி போகிறது என்றால் பேனா வகை உங்களைப் பாதியில் கைவிட்டுவிடும்.

நீங்கள் பார்த்த இன்னொன்று, டிரில்லுக்கும் கட்டருக்கும் போடும் அதே பேட்டரியைக் கீழே மாட்டும் வகை. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 36 வாட்-மணி, சின்னதைப் போல ஆறரை மடங்கு. பெரும்பாலும் 11 மி.மீ குச்சி போடும். 4 மி.மீ தானே கூடுதல் என்று நினைக்க வேண்டாம். குறுக்குப் பரப்பைப் பார்த்தால், ஒரே நீளத்தில் 7 மி.மீ குச்சியைவிட இரண்டரை மடங்கு பசை அதில் இருக்கிறது. ட்ரிக்கரை ஒருமுறை அழுத்தினாலே கொட்டும். மேடை வேலைக்கு அது வரம். ஆனால் குந்தன் கல்லை ஒட்டும் வேலைக்கு அதுவே சாபம். கன்னும் கனம், பேட்டரியும் சார்ஜரும் தனிச் செலவு. வீட்டில் ஏற்கெனவே அந்தக் கம்பெனியின் டிரில்லும் பேட்டரியும் இருந்தால் வெறும் கன்னை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அது நல்ல பேரம். இல்லாவிட்டால் க்ளூ கன்னுக்காக மட்டும் இந்த வரிசைக்குள் போகச் சொல்ல மாட்டேன். இன்னொரு விஷயம், 20 வோல்ட் என்று போட்டிருந்தால் 18 வோல்ட்டைவிடப் பலம் அதிகம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். இரண்டிலும் இருப்பது வரிசையாகக் கோத்த ஐந்து செல்கள்தான். முழு சார்ஜில் அளந்ததை ஒருவர் அச்சிடுகிறார், சராசரியை மற்றவர் அச்சிடுகிறார்.

ஸ்டாண்டில் வைத்துச் சூடேற்றி, எடுத்தால் வயர் கழன்றுகொள்ளும் வகையையும் கார்ட்லெஸ் என்றே விற்கிறார்கள். அதில் பேட்டரி கிடையாது. சில நிமிடங்களில் ஆறிவிடும், மறுபடி ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். ஸ்டாண்டுக்குப் பிளக் வேண்டும் என்பதால் உங்கள் பிரச்சினையை அது தீர்க்காது. பியூட்டேன் வாயுவை அடைத்து எரித்துச் சூடேற்றும் வகையும் உண்டு. பட்டும் காகிதமும் தெர்மாகோலும் குவிந்து கிடக்கும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது, சூடேற்றி மூக்கைக் கீழே பிடித்தபடி ஒரு நிமிடம் ட்ரிக்கரைத் தொடாமல் இருங்கள். கொஞ்சம் கசிவது இயல்பு, சொட்டுச் சொட்டாக விழுந்தால் வேண்டாம். சார்ஜ் ஏறும்போதே ஒட்ட முடியுமா என்று கேளுங்கள், பல மாடல்களில் முடியாது. முடிந்தால் ஒரு பவர் பேங்க் உங்களுக்கு இரண்டாவது பேட்டரி ஆகிவிடும். சும்மா விட்டால் சில நிமிடங்களில் தானாக அணைகிறதா என்றும் பாருங்கள். வேலையின் நடுவே அணைந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் குழந்தைகள் ஓடியாடும் மண்டபத்தில் அந்த வசதி இருக்க வேண்டும் என்றே சொல்வேன். மேசையில் நிற்க அடிப்பாகம் அகலமாக இருக்கட்டும். சூடான கன்னைப் படுக்கப் போட்டால் உருகிய பசை பின்பக்கமாக வழிந்து உள்ளே இறுகிவிடும். பாதி போன குச்சியைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதும் கன்னைக் கெடுத்துவிடும். அடுத்த குச்சியைப் பின்னால் செருகினால் அதுவே முன்னதைத் தள்ளிக்கொண்டு போகும்.

இனி தெர்மாகோல். தெர்மாகோல் என்பது உப்பவைத்த பாலிஸ்டைரீன். எடையில் மட்டும்தான் அது பிளாஸ்டிக், கன அளவில் ஏறக்குறைய முழுவதும் காற்றுதான். 100 டிகிரியை நெருங்கினாலே இளகிச் சுருங்கிவிடும். சாதாரணக் கன்னிலிருந்து வரும் பசையோ 170 முதல் 190 டிகிரி வரை இருக்கும். குழி விழாமல் வேறென்ன செய்யும்? 120, 130 டிகிரியில் வேலை செய்யும் குறைந்த வெப்பக் கன்களும் அவற்றுக்கென்றே தனிக் குச்சிகளும் உண்டு. நீங்கள் அதிகம் ஒட்டுவது தெர்மாகோல்தான் என்றால் அதைத் தேடி வாங்குங்கள். ஆனால் குறைந்த வெப்பக் கன்னில் சாதாரணக் குச்சியைப் போட்டால் பசை சரியாக உருகாமல் அடைத்துக்கொள்ளும். ட்ரிக்கரைப் பலம்கொண்டு அழுத்துவீர்கள், உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் நெம்பி உடையும். இப்படி உடைந்த கன்கள் பலவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

இருக்கிற கன்னை வைத்தே சமாளிக்க வேண்டுமென்றால், பசையைத் தெர்மாகோல் மேல் வைக்காதீர்கள். அட்டை, துணி என்று எதில் ஒட்டப்போகிறீர்களோ அதில் பொட்டுப் பொட்டாக வையுங்கள். மனதுக்குள் ஆறு ஏழு வரை எண்ணிவிட்டு எழுத்தை மெல்ல அழுத்துங்கள். எத்தனை எண்ண வேண்டும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது, வேண்டாத துண்டு ஒன்றில் முதலில் சோதித்துவிடுங்கள். தடிமனான எழுத்துகளுக்குப் பசையை மட்டும் நம்பாமல், பின்னால் இரண்டு பல்குத்தும் குச்சிகளைச் செருகித் தாங்கல் கொடுங்கள்.

காற்று என்றதும் மண்டப மின்விசிறி நினைவுக்கு வருகிறது. மேடையில் விசிறி சுழன்றால் பசை அரை நிமிடம்கூடத் தாங்காமல் மேலாக இறுகிவிடும். பார்வைக்கு ஒட்டியதுபோல இருக்கும், தொட்டால் கழன்று வரும். சிலந்தி வலைபோல நூல் நூலாக இழுத்துத் தட்டு முழுக்கப் படர்வதற்கும் அதுவே காரணம். ஒட்டும் பத்து நிமிடம் விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். பசையை வைத்ததும் நாசில் முனையை அந்த இடத்திலேயே ஒரு சுழி சுழித்து எடுத்தால் நூல் அறுந்துவிடும். மிஞ்சியவற்றை ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து ஊதினால் சுருண்டு போய்விடும்.

ஸ்டீல், பித்தளைத் தட்டில் ஒட்டியது பெயர்ந்து வருகிறது என்று பலர் சொல்வார்கள். குறை பசையில் இல்லை. உலோகம் சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்வதால் பசை பரவிப் பிடிக்கும் முன்பே இறுகிவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, தட்டை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ வெதுவெதுப்பாக்கிக்கொண்டு ஒட்டுங்கள். விசேஷம் முடிந்து வாடகைத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கத்தியால் சுரண்ட வேண்டியதில்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துப் பசையின் ஓரத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் பிடி விட்டுவிடும். பிளாஸ்டிக் பூக்களின் காம்பு பெரும்பாலும் பாலிஎத்திலீன், அதில் இந்தப் பசை ஒட்டவே ஒட்டாது. காம்பைத் துளைக்குள் நுழைத்து, பின்பக்கம் பசையால் முடிச்சுப்போல மூடிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரத்தித் தட்டில் அகல் விளக்கை க்ளூ கன்னால் ஒட்டும் வழக்கம் பரவி வருகிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தப் பசை சூட்டில் உருகுவதற்கென்றே செய்யப்பட்டது. 60 டிகிரியைத் தாண்டினாலே பிடி தளரும். திரி எரிய எரிய அகலின் அடி சூடாகும். தட்டைச் சுற்றும் கை கொஞ்சம் சாய்ந்தால் விளக்கு நகர்ந்து எண்ணெயும் தீயும் பட்டுப் புடவை மேல் விழும். எம்-சீல் போன்ற எபாக்ஸி மாவில் ஒரு வளையம் செய்து, அது இறுகிய பிறகு அதற்குள் அகலை அசையாமல் உட்கார வையுங்கள். விளக்கைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத் தெர்மாகோலோ நெட் துணியோ வேண்டாம். இதே காரணத்தால்தான் மே மாத வெயிலில் கதவடைத்த காருக்குள் தட்டுகளை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. டாஷ்போர்டு எளிதாக 60 டிகிரியைத் தாண்டும். திரும்பி வந்து பார்த்தால் முத்தெல்லாம் சரிந்திருக்கும்.

கையில் பட்டுவிட்டால் உரித்து எடுக்க முயலாதீர்கள், பசையோடு தோலும் சேர்ந்து வரும். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். ஒட்டிய பசை விடாமல் இருந்தாலோ பெரிய கொப்புளம் எழும்பினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மண்டபத்தில் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். பசை பட்ட நொடியில் விரலை அதில் முக்கிவிட்டு, பிறகு குழாயைத் தேடிப் போகலாம்.

பேட்டரியைப் பற்றிக் கடைசியாக. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் கன் மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும். சார்ஜ் முழுவதும் தீர்ந்த நிலையில் அப்படிப் போட்டுவைத்தால் லித்தியம் பேட்டரி செத்துவிடக்கூடும், பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் எழாது. பாதி சார்ஜில் நிறுத்தி, அடுப்பங்கரைச் சூடு படாத அலமாரியில் வையுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே முழு சார்ஜ் போட்டு, ஒரு குச்சி முழுவதையும் வேண்டாத அட்டையில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள். தகராறு ஏதாவது இருந்தால் அந்த 20 வாட் கன்னையும் ஒரு நீள எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் எடுத்துவைக்க அவகாசம் இருக்கும்.