கெப்னெகைசே மலையில் ஏற மேற்குப் பாதை நல்லதா, கிழக்குப் பாதை நல்லதா?

ஸ்வீடனின் மிக உயரமான மலையான கெப்னெகைசேயில் வழிகாட்டி இல்லாமல் ஏற முடியுமா, இரண்டு பாதைகளில் எதில் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பனியாற்றில் நடந்து பழக்கமில்லாதவர், ஆனால் நாள் முழுவதும் மேடு பள்ளத்தில் நடக்கக்கூடியவர் என்றால், ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிக்குள் மேற்குப் பாதையில் போங்கள் என்பதே என் பதில். கிழக்குப் பாதை தூரத்தில் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இரண்டு பாதைகளுக்கும் புறப்படும் இடம் ஒன்றுதான். கிருனா நகரிலிருந்து பேருந்தில் நிக்கலுவோக்தா என்ற சிற்றூர் வரை வரலாம். சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலையடிவாரத் தங்குமிடம் வரை 19 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பூர்ச்ச மரக் காடுகளின் வழியே செல்லும் இந்த நடையில் ஏற்றம் அதிகம் இல்லை. இடையில் வரும் ஏரியில் கோடைக்காலத்தில் படகு ஓடுகிறது. அதில் ஏறினால் சுமார் 6 கிலோமீட்டர் மிச்சம். மறுநாள் உச்சிக்குப் போகிறவர்கள் கால்களுக்கு வேலை கொடுக்காமல் படகில் போவதே நல்லது என்று நான் எப்போதும் சொல்வேன். தங்குமிடம் ஏறத்தாழ 690 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அங்கிருந்து பாதை கிட்டில்பெக்கென் என்ற ஓடையை ஒட்டி மேலேறுகிறது. கிண்ணத்தைப் பாதியாக வெட்டி வைத்தது போன்ற துவோல்பகோர்னி என்ற மலை தங்குமிடத்திலிருந்தே தெரியும். மேற்குப் பாதை அந்த மலைக்கும் வியெரன்வாரி என்ற மலைக்கும் நடுவில் உள்ள கணவாயை அடைந்து, பிறகு வியெரன்வாரியின் முதுகில் ஏறுகிறது. பாறைகளில் பூசிய சிவப்புச் சாயமும் கற்குவியல்களும் வழி காட்டும். மேலே போகப் போக மண் மறைந்து, வெறும் கல்லாகிவிடுகிறது. அவற்றில் ஆடும் கற்கள் பல உண்டு. மழை பெய்திருந்தால் பாசி படிந்த பக்கம் காலை வழுக்கிவிடும். ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால், வரைபடத்தில் தெரியும் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது.

இந்தப் பாதையின் உண்மையான சோதனை வியெரன்வாரியின் உச்சியில்தான் தொடங்குகிறது. 1711 மீட்டர் உயரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, பாடுபட்டு ஏறிய உயரத்தில் சுமார் 200 மீட்டரைக் கைவிட்டு, காஃபெடாலென் என்ற பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து மறுபடியும் ஏறத்தாழ 600 மீட்டர் ஏறினால்தான், கெப்னெகைசேயின் இரண்டு சிகரங்களில் நாம் போகும் தென்சிகரம். திரும்பும்போது இதே பள்ளத்தாக்கிலிருந்து அந்த 200 மீட்டரை இன்னொரு முறை ஏற வேண்டும் என்பதைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இவை எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே நாளில் ஏறும் உயரம் 1800 மீட்டருக்கு அருகில் வந்துவிடுகிறது. மாலையில் காஃபெடாலென் ஓடைக்கரையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கவனித்தால் இது புரியும்: உச்சியைத் தொட்டுவிட்ட மகிழ்ச்சி முகத்தில் இருக்கும், ஆனால் எதிரே நிற்கும் சரிவைப் பார்த்தபடி எழுந்திருக்க மனமில்லாமல் இருப்பார்கள். ஆகவே காலையில் இந்தப் பள்ளத்தாக்கை அடையும்போதே பாதிக்கு மேல் களைத்துவிட்டீர்கள் என்றால், அங்கேயே திரும்புவதுதான் சரி. போய்வரப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு மணி நேரம் ஆகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேளையாக, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருப்பதால் ஜூலையில் இருட்டைப் பற்றிய கவலை இல்லை. ஆகஸ்ட் பிற்பகுதியில் அந்தச் சலுகை குறைந்துவிடும்.

கிழக்குப் பாதையின் தன்மையே வேறு. அது பியோர்லிங் பனியாற்றைக் கடந்து, செங்குத்தான பாறைச் சுவரில் பொருத்திய இரும்புக் கம்பிகளைப் பிடித்தபடி ஏறிச் செல்கிறது. பனியாற்றின் வெடிப்புகளை மேலே கிடக்கும் பனி மூடியிருக்கும் என்பதால் கயிற்றில் ஒருவரோடொருவர் பிணைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பாறைப் பகுதிக்குத் தலைக்கவசமும் இடுப்புவார்ப் பட்டையும் தேவை. தங்குமிடத்திலிருந்து வழிகாட்டிகள் குழுக்களை அழைத்துச் செல்கிறார்கள். வியெரன்வாரியின் ஏற்ற இறக்கம் இல்லை என்பதும், பனியாற்றை நடுவில் நின்று பார்க்க முடிவதும் இதன் பெரும் சிறப்புகள். உயரத்தைக் கண்டு அஞ்சாதவர் வழிகாட்டியுடன் இதில் போவதை நான் மனமார ஆதரிப்பேன். தனியாகப் போவதை ஆதரிக்க மாட்டேன். மேற்கே சிங்கி குடில்களின் பக்கமிருந்து வரும் துர்லிங் பாதை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது குங்ஸ்லெடென் நெடுநடைப் பாதையில் வருபவர்களுக்குத்தான் வசதி.

பாதை எதுவானாலும் கடைசிப் பகுதி ஒன்றே. சிகரத்துக்குச் சற்றுக் கீழே சிறிய ஒதுங்குகுடில்கள் இருக்கின்றன. காற்று பலமாக இருந்தால் அங்கே நின்று யோசித்து முடிவெடுங்கள். தென்சிகரம் பாறையன்று, பனிமுகடு. அதன் இருபுறமும் சரிவு. மேலே ஒரு சிலர் மட்டுமே நிற்கலாம். வெயில் பட்டு இளகிய பிற்பகலில் நடக்கக்கூடியதாக இருக்கும் அதே பனி, குளிர்ந்த காலையில் கண்ணாடியாக இறுகிவிடும் என்பதால் காலணியில் மாட்டும் இரும்பு முட்களை எடுத்துச் செல்லாமல் போகாதீர்கள்.

இந்தப் பனிமுகடு உருகிக்கொண்டே வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்சிகரத்தின் உயரம் நீண்ட காலம் 2111 மீட்டர் என்றே குறிப்பிடப்பட்டுவந்தது. 2019 செப்டம்பரில் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது அது 2095.6 மீட்டராக இருந்தது. பாறையாலான வடசிகரமோ 2096.8 மீட்டர். ஸ்வீடனின் மிக உயர்ந்த புள்ளி என்ற இடம் இவ்வாறு வடசிகரத்துக்குப் போய்விட்டது. 1883இல் பிரெஞ்சுக்காரரான ஷார்ல் ரபோ முதன்முதலில் ஏறியதும், 1889இல் இருபது வயதுகூட நிரம்பாத யொஹான் ஆல்ஃபிரெட் பியோர்லிங் ஏறியதும் இதைவிட உயரமான மலையில். அப்படியானால் வடசிகரத்துக்கே போய்விடலாமே என்று தோன்றலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கத்திமுனை போன்ற பனிவரம்பைக் கயிறும் பனிக்கோடரியும் அவற்றில் பயிற்சியும் இல்லாமல் கடக்கக் கூடாது. எனவே மேற்குப் பாதையில் வருபவர்களுக்குத் தென்சிகரமே எல்லை.

நாட்களைத் திட்டமிடும்போது ஏற்றத்துக்கு ஒரு நாளுடன் வானிலைக்காக இன்னொரு நாளையும் ஒதுக்குங்கள். மேகம் வியெரன்வாரியை மூடிவிட்டால் சிவப்புக் குறிகள் அடுத்தடுத்துக் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் தங்குமிடத்திலிருந்து தார்ஃபாலா பள்ளத்தாக்குக்குப் போய்வரலாம். வழி கற்கள் நிறைந்ததுதான், ஆனால் உச்சிப் பாதையைவிட ஏற்றம் மிகவும் குறைவு. அங்குள்ள ஆய்வு நிலையத்தினர் 1946 முதல் ஸ்டோர்கிளாசியாரென் பனியாற்றின் நிறை ஏற்ற இறக்கத்தை ஆண்டுதோறும் அளந்துவருகிறார்கள். உலகில் இத்தகைய தொடர் பதிவுகளில் இதுவே மிக நீண்டது. பள்ளத்தாக்கின் மேல்கோடியில் உள்ள ஏரிக்கரை வரை போனால் அந்தப் பனியாற்றை நேரில் பார்த்துவிட்டு மாலைக்குள் தங்குமிடம் திரும்பிவிடலாம்.