மூன்று வாரமாக நிற்காத கழிச்சல்: நாய்க்குட்டியின் உணவை மாற்றும் முன் மலத்தைப் பரிசோதியுங்கள்

கேள்வி: 45 நாள் வயதில் ஒரு லாப்ரடார் பெண் குட்டியை வாங்கி வந்தோம். இப்போது அதற்கு 70 நாள் ஆகிறது. வந்த மூன்றாம் நாளிலிருந்து மலம் இளகியே போகிறது. சில நாள் கூழாகவும் சில நாள் சளி கலந்தும் இருக்கிறது. பூச்சி மருந்து ஒருமுறை கொடுத்துவிட்டதாக விற்றவர் சொன்னார். முதல் தடுப்பூசி போட்டிருக்கிறோம். மூன்று நிறுவனங்களின் உலர் உணவைக் கொடுத்துப் பார்த்தோம். பிறகு பால் சாதம், அதன்பின் தயிர் சாதம். மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் சிரப் வாங்கி இருமுறை கொடுத்தோம். கொடுக்கும்போது கட்டுகிறது, நிறுத்திய இரண்டாம் நாளே திரும்பிவிடுகிறது. குட்டி நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறது, ஆனால் எடை 4.5 கிலோவைத் தாண்டவில்லை. எந்த உணவு இதற்கு ஒத்துக்கொள்ளும்?

பதில்: நீங்கள் உணவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்துவது உணவு அல்ல, 25 நாள்களுக்குள் ஐந்து உணவுகளும் இரண்டு சுற்று மருந்தும் மாறி மாறிப் போயிருக்கின்றன, ஒருமுறைகூட மலப் பரிசோதனை நடக்கவில்லை என்பதுதான். குட்டியின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஒரு புதிய உணவுக்குப் பழக ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அடுத்த உணவு வந்துவிட்டால், நோய் எதுவும் இல்லாத குட்டிக்கும் மலம் இளகும். ஆகவே இன்று உங்கள் குட்டிக்கு இருப்பது முதலில் வந்த நோயா, நீங்கள் செய்த மாற்றங்களின் விளைவா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை உருவாகியிருக்கிறது. முதல் வேலை, மாற்றுவதை நிறுத்துவது.

அதற்கும் முன்பாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குட்டி வாந்தி எடுத்தாலோ, ஒரு வேளைக்கு மேல் உணவை மறுத்தாலோ, சோர்ந்து சுருண்டு படுத்தாலோ, மலத்தில் ரத்தம் கணிசமாக வந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, ஈறுகள் வெளுத்திருந்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள். வாந்தியும் துர்நாற்றமுள்ள ரத்தக் கழிச்சலும் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் சந்தேகிப்பது பார்வோ வைரஸை. 1978 வாக்கில் உலகெங்கும் பரவத் தொடங்கிய இந்த நோய், ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டிகளையே அதிகம் தாக்குகிறது. முதல் தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கை இங்கே உதவாது; தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள்கள் தடுப்பூசியைச் செயல்படவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால்தான் 16 வார வயது வரை சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் போடுகிறோம். கழுத்தின் பின்புறத் தோலைச் சற்றே தூக்கி விட்டுப் பாருங்கள். அது உடனே படியாமல் கூடாரம்போல நின்றால் உடலில் நீர் குறைந்திருக்கிறது, ட்ரிப்ஸ் தேவைப்படலாம். உங்கள் குட்டி ஓடி விளையாடுகிறது என்பதால் இந்த அவசரம் இப்போது இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

நன்றாகச் சாப்பிடுகிறது, எடை ஏறவில்லை, வாரக்கணக்கில் கழிச்சல் விட்டுவிட்டு வருகிறது என்ற மூன்றும் இந்த வயதில் ஒன்றாகச் சேர்ந்தால், பெரும்பாலும் குடலில் குடியிருப்பவர்கள்தான் காரணம். உருண்டைப்புழுவின் லார்வாக்கள் தாய் நாயின் தசைகளில் உறங்கிக் கிடந்து, சினையின் ஏறத்தாழ 42ஆம் நாளுக்குப் பிறகு விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளின் உடலுக்குள் போய்விடுகின்றன. அதாவது, பார்ப்பதற்குச் சுத்தமான இடத்தில் பிறந்த குட்டியும் புழுவோடுதான் பிறக்கிறது. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும், ஈர மண்ணில் நடக்கும்போது தோல் வழியாகவும் நுழைகிறது; அது குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிப்பதால் சிறு குட்டிகளை ரத்தசோகையில் தள்ளிவிடும். நாம் வழக்கமாகக் கொடுக்கும் பூச்சி மருந்துகள் குடலில் இருக்கும் புழுக்களைக் கொல்லுகின்றனவே தவிர, நுரையீரல் முதலான இடங்களில் பயணம் செய்துகொண்டிருக்கும் லார்வாக்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அவை சில நாள்களில் குடலுக்கு வந்து வளர்ந்துவிடும். இதனால்தான் 2, 4, 6, 8 ஆகிய வாரங்களிலும் பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும் மருந்து கொடுக்கச் சொல்கிறோம். பத்து வாரம் நிரம்பிய உங்கள் குட்டிக்கு இந்நேரம் நான்கு முறையாவது கொடுத்திருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தாயிற்று என்பது கொடுக்காததற்குச் சற்று மேல், அவ்வளவே. அதுவும் எந்த மருந்து, எந்தத் தேதி, அன்று குட்டியின் எடை என்ன என்பது எழுத்தில் இல்லாவிட்டால், கொடுக்கவே இல்லை என்று கருதித்தான் நான் தொடங்குவேன்.

இடையில் ஒரு வார்த்தை. 45 நாள் என்பது ஆறரை வாரம். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. ஆனாலும் நம் ஊரில் 40, 45 நாளில் குட்டியைக் கைமாற்றுவதே வழக்கமாகிவிட்டது. சீக்கிரம் தாயைப் பிரிந்த குட்டிக்குப் பயணம், புது வீடு, புது உணவு எல்லாம் ஒரே நாளில் வந்து விழுகின்றன. அந்த அதிர்ச்சியில், அதுவரை அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணிகள் தலைதூக்குகின்றன. வந்த மூன்றாம் நாள் கழிச்சல் தொடங்கியது தற்செயல் அல்ல.

அப்படித் தலைதூக்குபவற்றுள் இரண்டைச் சாதாரணப் பூச்சி மருந்து கட்டுப்படுத்தாது. ஒன்று காக்சிடியா, மற்றொன்று ஜியார்டியா. இரண்டும் புழுக்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரிகள். காக்சிடியாவுக்கு சல்ஃபா வகை மருந்தோ டோல்ட்ராசுரிலோ வேண்டும். ஜியார்டியாவுக்கு ஃபென்பெண்டசோலை எடைக்கேற்ற அளவில் மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து கொடுப்பதே பரவலான சிகிச்சை. ஒரே ஒரு மாத்திரை போதாது. மெட்ரோனிடசோலும் ஜியார்டியாவை ஓரளவு குறைக்கும் என்பதால், உங்கள் குட்டிக்கு மருந்து கொடுக்கும்போது கட்டி, நிறுத்தியதும் திரும்புவதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். ஆனால் அதை வைத்து ஜியார்டியாதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு காரணங்களால் வரும் கழிச்சலும் அந்த மருந்துக்குச் சில நாள் அடங்கும். தவிர, அது குடலின் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து அழித்து, அடுத்த சுற்றுக் கழிச்சலுக்கு வழி திறந்துவிடவும் கூடும். அளவு மிஞ்சினால் நரம்பைப் பாதித்துத் தள்ளாட வைக்கும் மருந்து அது. மூன்றாம் முறை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். மனிதர்களுக்குப் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையையும், வலிக்கான மாத்திரைகளையும் குட்டிக்குக் கொடுக்கவே கூடாது.

ஆகவே மலப் பரிசோதனை. காலையில் புதிதாகப் போன மலத்திலிருந்து கோலிக்குண்டு அளவு எடுத்து, மூடியுள்ள சுத்தமான சிறு டப்பாவில் போட்டு, சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது. உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்தால் புழு முட்டைகளும் காக்சிடியாவும் மேலே வரும். ஜியார்டியாவைக் காண ஈர மலத்தை நேரடியாக நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் அல்லது அதற்கான துரிதச் சோதனை அட்டையைப் பயன்படுத்த வேண்டும். ஜியார்டியா தினமும் வெளிவருவதில்லை. எனவே ஒருநாள் மாதிரியில் இல்லை என்று வந்தால் நிம்மதி அடையாமல், ஐந்து நாள்களுக்குள் மூன்று நாள் மாதிரிகளைக் கொடுங்கள். அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் கேளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பரிசோதனைக்கு வழி உண்டு. மலத்தை டப்பாவில் கொண்டு வரச் சொன்னால் முகம் சுளிக்கும் அதே நபர், இரண்டாயிரம் ரூபாய்க்குப் புது உணவுப் பை வாங்கத் தயங்காததை நான் அடிக்கடி பார்க்கிறேன். முட்டையிடும் பருவத்தை எட்டாத இளம்புழுக்கள் பரிசோதனையில் தெரியா என்பதால், முடிவு எப்படி வந்தாலும் புழு நீக்க அட்டவணையை நிறுத்தாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது மலத்தின் தன்மையையும் குறித்துக்கொண்டு போனால் அவர் வேலை பாதியாகும். ஒருநாளில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் நிறைய, எடையும் குறைகிறது என்றால் கோளாறு சிறுகுடலில். அடிக்கடி முக்கி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, சளியும் சிவந்த ரத்தத் துளியும் கலந்து வந்தால் பெருங்குடலில். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது வர்ணனையைவிட மேல்.

இனி உணவு. பாலை இன்றே நிறுத்துங்கள். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை நாயின் தாய்ப்பாலில் இருப்பதைவிட அதிகம். அதைச் செரிக்கும் நொதியோ பால்குடி மறந்தபின் குட்டியின் குடலில் குறைந்துகொண்டே போகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுத்து வைத்துக்கொள்வதால் மலம் இளகுகிறது. பால் பவுடர் கலந்த குழந்தை உணவு மாவுக்கும் இது பொருந்தும். தயிரில் லாக்டோஸ் குறைவு, ஒரு கரண்டி தயிர் கெடுதல் செய்யாது. ஆனால் தயிர் சாதத்தையே மூன்று வேளையும் கொடுத்தால் வளரும் குட்டிக்குப் புரதம் போதாது.

ஐந்து நாளுக்கு, தோலும் எலும்பும் நீக்கி உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கும், குழைய வடித்த சாதம் இரண்டு பங்கும் கலந்து நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சளி கலந்த மலமாக இருந்தால் வெந்த பரங்கிக்காய் விழுது ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். பெரிய நாய்க்குச் சொல்வதுபோலக் குட்டியைப் பட்டினி போடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும். இந்தக் கறிச் சாதத்தில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதால் இதையே மாதக்கணக்கில் தொடர்ந்தால் லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிகளின் கால் எலும்பு வளையும். மலம் கட்டியதும், பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட ஏதேனும் ஓர் உலர் உணவைத் தேர்ந்து, முதலில் கால் பங்கு, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். எந்த நிறுவனம் என்பது இரண்டாம் பட்சம். மாறாமல் இருப்பதே முக்கியம். அளவையும் தராசில் நிறுத்துப் போடுங்கள். கண்ணளவில் போட்டு அதிகம் ஊட்டுவதும் கழிச்சலுக்கு ஒரு காரணம். வீட்டில் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுப்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் தரையே காரணம். மலத்தோடு வெளிவரும் ஜியார்டியாவின் கூடுகள் (உறைக்குள் அடங்கிய ஜியார்டியா) குட்டியின் பின்பக்க மயிரில் ஒட்டிக்கொண்டு, அது தன்னை நக்கும்போது மீண்டும் வயிற்றுக்குள் போகின்றன. எனவே சிகிச்சையின் கடைசி நாளில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, நன்றாக உலர்த்திவிடுங்கள். இந்தக் கூடுகள் ஈரத்தில் பிழைக்கும், காய்ந்தால் சாகும். குட்டி இருக்கும் இடத்தைக் கழுவி ஈரமாக வைப்பதைவிட வெயில் படக் காயவிடுவது மேல். காக்சிடியா சாதாரணக் கிருமிநாசினிக்கு மசியாது, கொதிநீர் ஊற்ற வேண்டும். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்: உருண்டைப்புழுவின் முட்டை வெளிவந்த உடனே தொற்றாது, மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்த பிறகே தொற்றும் பக்குவத்தை அடைகிறது. அந்த முட்டைகள் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் லார்வாக்கள் கண் வரை சென்று பார்வையைப் பாதிக்கக்கூடும். வீட்டில் சிறுவர் இருந்தால் குட்டியைத் தொட்டபின் சோப்பால் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள்.

மூன்று மாதிரிகளிலும் எதுவும் இல்லை, புழு நீக்கம் முறைப்படி முடிந்தது, ஒரே உணவில் மூன்று வாரம் ஆயிற்று, அப்போதும் மலம் கட்டவில்லை என்றால், புரதத்தின் மூலத்தை மாற்றிய தனி உணவைச் சோதிப்பதும், ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேனும் அடுத்த கட்டம். குட்டி எதையாவது விழுங்கியிருக்கிறதா, குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் செருகிக்கொண்டிருக்கிறதா என்பதை ஸ்கேன் காட்டிவிடும். கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத குறைபாடும் உண்டு. அது ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் அதிகம், லாப்ரடாரில் அபூர்வம் என்பதால் நான் அதைக் கடைசியில் வைப்பேன். நாளைக் காலை முதல் மாதிரியை எடுங்கள். கூடவே குட்டியை எடை போட்டுத் தேதியோடு எழுதி வைத்து, நான்கு நாளைக்கு ஒருமுறை அதே தராசில் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். அந்த எண் ஏறத் தொடங்காமல் நின்றாலோ இறங்கினாலோ, மலம் கட்டியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.