வயிற்றுக்குள் நார் உருண்டை: சோடா உப்பு கரைக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதமாக நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்கிறார், அடிக்கடி குமட்டல். எண்டோஸ்கோப்பி எடுத்ததில் வயிற்றில் நார் உருண்டை இருக்கிறது, அதற்கு ‘பெசோர்’ என்று பெயர் என்றார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் சித்தி, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து குடித்தால் கரைந்துவிடும் என்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியோ, அந்தச் சோடாதான் உருண்டையையே உண்டாக்கும் என்கிறது. எது சரி?
– வாசகி, தேனி

பதில்: சித்தி கையிலிருந்து அந்த டப்பாவை முதலில் வாங்கி வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்கு, இரைப்பையிலிருந்து உணவைக் கீழே தள்ளும் வேலையை நடத்துகிற நரம்பு தளர்ந்துபோவது உண்டு. அப்போது ஆரஞ்சுச் சுளையின் தோல், சரியாக மெல்லாத கீரைத்தண்டு, காய்களின் சக்கை எல்லாம் வெளியே போகாமல் அங்கேயே கிடந்து, சளியோடு சேர்ந்து உருண்டு இறுகிவிடும். பல்செட் சரியாகப் பொருந்தாதவர்களுக்கும், இரைப்பையில் ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது வரும்.

வாட்ஸ்அப் செய்தியில் கால்வாசி உண்மை. சோடா உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், அது தானாக உருண்டை ஆகாது. ஆனால் வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட், அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற மருந்துகள் சிலருக்கு உள்ளேயே இறுகிக் கட்டியானது உண்டு. யாரோ ‘அமிலத்தைக் குறைக்கிற மருந்து’ என்று படித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி அனுப்பிவிட்டார்கள் போல.

சித்தி சொல்வதிலும் ஒரு நூலிழை உண்மை இருக்கிறது, அதுதான் வம்பு. முன்பெல்லாம் மருத்துவர்கள் வயிற்றுக்குள் குழாய் விட்டு, சோடா உப்புக் கரைசலால் கழுவிப் பார்த்தார்கள், பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பைனையும் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது பெயர் வாங்கியிருப்பது, சிரிக்காதீர்கள், கோகோ கோலா! 2002-இல் கிரேக்க மருத்துவர்கள் இதைப் பயன்படுத்திப் பார்த்து எழுதினார்கள். 2013-இல் அதுவரை வந்த 24 கட்டுரைகளிலிருந்து 46 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்குக் கோலாவிலேயே கரைந்திருந்தது, எண்டோஸ்கோப்பியில் உடைத்து எடுத்தவர்களையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம். கோலாவின் அமிலத்தன்மை கிட்டத்தட்ட வயிற்று அமிலம் போலத்தான், பி.ஹெச். 2.6 அளவு. அதோடு வாயுக்குமிழ்கள் நாரின் இடுக்குகளில் புகுந்து நெகிழ்த்துகின்றன என்பது பொதுவான விளக்கம்.

உடனே கடைக்குப் போய்விடாதீர்கள். இதற்குக் கொடுப்பது 3 லிட்டர் வரை போகும், சாதாரணக் கோலா என்றால் அதில் 300 கிராமுக்கு மேல் சர்க்கரை, உங்கள் அம்மாவுக்கு அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை இல்லாத வகையும் உண்டு என்றாலும், அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: அரைகுறையாகக் கரைந்த துண்டு சிறுகுடலுக்கு நழுவிப் போய் அங்கே அடைத்துக்கொண்டால் அவசர அறுவைச் சிகிச்சைதான். அதனால் மருத்துவமனையில் வைத்து, கரைந்தது போக மிச்சத்தைக் கம்பிச் சுருக்குப் போட்டு, சோப்புக் கட்டியை நூலால் அறுப்பது போல அறுத்து எடுப்பார்கள்.

சரி, ஒரு ஸ்பூன் சோடாவில் என்ன வந்துவிடப் போகிறது என்று சித்தி கேட்பார். ஒரு டம்ளரில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, அதில் அரை டீஸ்பூன் சோடா போட்டுக் காட்டுங்கள். நுரை பொங்கி மேடையில் வழியும். அந்த அரை டீஸ்பூன், அதாவது ஏறத்தாழ இரண்டரை கிராம், அமிலத்தோடு முழுக்கச் சேர்ந்தால் முக்கால் லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு வரும். டம்ளருக்கு வாய் திறந்திருக்கிறது. ஏற்கெனவே உருண்டை அடைத்து நிற்கிற வயிற்றுக்கு? நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சோடா உப்பைக் கரைத்துக் குடித்து இரைப்பையே கிழிந்துபோனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது, அபூர்வம்தான், ஆனால் உயிர்போகிற அபூர்வம். வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கும்போது குடிக்காதே என்று அமெரிக்காவில் சோடா உப்பு டப்பாவிலேயே அச்சடிக்கிறார்கள். போதாததற்கு அரை டீஸ்பூனில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம், அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் அது தனிக் கணக்கு.

அடுத்த வாரம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை, ஊசிகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் செமாகுளுடைடு போன்ற மருந்துகள் வயிறு காலியாவதையே மெதுவாக்கும், அதை மாற்றுவதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். அதுவரை கஞ்சி, நன்றாக மசித்த சாதம், கொஞ்சம் கொஞ்சமாக. விடாத வாந்தி, வயிறு உப்புசம், கடும் வலி, கறுப்பாக மலம், இதில் எது வந்தாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: தலைமுடியைத் தின்னும் பழக்கம் உள்ள பெண்ணுக்கும் இதே கோலா வைத்தியம் செய்யலாமா?
– வாசகர், கரூர்

பதில்: பலிக்காது. முடி என்பது கெரட்டின் என்கிற கெட்டியான புரதம், சோடாவும் கோலாவும் அதைக் கரைக்காது. உள்ளே பெரிதாகத் திரண்டிருந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்த பிறகு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் இன்னொரு உருண்டை வரலாம். பெண்ணைத் திட்டாமல் கூட்டிப் போங்கள்.