இங்கிலாந்துக் கிராமத்தில் வீடுகள் வரும்போது பசும்புல் திடலைக் காக்க முடியுமா?

முடியும், ஆனால் எப்போது தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம். 2006ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டப்படி, ஊரார் கணிசமானோர் 20 ஆண்டுகளாக வலுக்கட்டாயமோ ஒளிவுமறைவோ இன்றி, உரிமையாளரின் அனுமதியும் பெறாமல், ஓரிடத்தில் விளையாடியும் நாயோடு உலாவியும் வந்திருந்தால், அதை ஊர்த்திடலாகப் பதிவு செய்யக் கோரலாம். வேடிக்கை என்னவென்றால், ‘உரிமையாளரின் அனுமதியோடு நுழையலாம்’ என்று வாயிலில் தொங்கும் கனிவான பலகை ஒன்றே இந்தக் கோரிக்கையைக் கவிழ்த்துவிடக்கூடும்.

அதைவிடப் பெரிய தடை 2013இல் வந்தது: அந்நிலத்தில் வீடு கட்டுவதற்கான விண்ணப்பம் அறிவிக்கப்பட்டுவிட்டால், அது நிலுவையில் இருக்கும்வரை பதிவு கோரும் உரிமையே நின்றுவிடுகிறது. எனவே, புல்டோசரைக் கண்டபின் ஓடுவது பயன் தராது.

என் கருத்தில், 2012 முதல் உள்ள ‘உள்ளூர்ப் பசுமைவெளி’ என்ற வகைப்பாடே நடைமுறைக்கு ஏற்றது. எங்கே என்ன கட்டலாம் என்பதை ஊர் அளவில் வரையறுக்கும் ‘அண்டைப்புறத் திட்டத்தை’ ஊர் மன்றம் வகுக்கையில் அதை முன்மொழியலாம். இடம் குடியிருப்புக்கு அருகே, பரந்த நிலப்பரப்பாக இல்லாமல், அழகாலோ வரலாற்றாலோ அமைதியாலோ ஊருக்குச் சிறப்புடையதாக இருக்கவேண்டும். வாக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் திட்டத்தை ஆதரித்தால், நகரைச் சூழ்ந்த பசுமை வளையத்துக்கு நிகரான பாதுகாப்பு அத்திடலுக்கும் கிடைக்கும்.