நரியா, நாயா? தடத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: ஓய்வுபெற்ற கால்நடைப் போதனாசிரியர், திருகோணமலை

எங்கள் ஆட்டுக்கொட்டிலில் ஒரு கிழமைக்குள் மூன்று குட்டிகளை இழந்துவிட்டோம். ஒன்று காணாமலே போய்விட்டது, இரண்டு கடிபட்டுச் செத்து, தின்னப்படாமல் கிடந்தன. வளவுக்குப் பின்னால் வயலும் பற்றைக்காடும். பக்கத்து வளவு ஐயா, "நரிதான், இறைச்சியில் நஞ்சு வையுங்கோ" என்கிறார். நரிதானா என்று எப்படி அறிவது?
வாசகி, தம்பலகாமம்

தங்கச்சி, முதலில் அந்த நஞ்சை வைக்க விடாதீர்கள். நஞ்சு கலந்த இறைச்சியை உங்கள் வீட்டு நாயும் தின்னும், உடும்பும் கீரியும் பருந்தும் தின்னும். கொன்றது எது என்று தெரியுமுன் நஞ்சு வைப்பதை என்னால் எந்த நாளும் ஏற்க முடியாது. வேலை பார்த்த காலத்தில் இந்தப் பழி நரியின் தலையில் விழுந்த இடங்களில் பெரும்பாலும் நான் கண்டது ஊர் நாய்களின் தடத்தைத்தான்.

விடியப்புறம், ஆடுகளை அவிழ்த்துவிடுமுன், கொட்டிலைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். பிறகு வரம்பும் வாய்க்கால் ஓரமும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வந்து வற்றிய வாய்க்காலில் மிஞ்சும் மெல்லிய சேற்றில் தடம் அச்சடித்த மாதிரி விழும். நிலம் காய்ந்து கிடந்தால் பின்னேரம் கொட்டிலைச் சுற்றிச் சலித்த மணலைப் பரப்பி, தென்னோலையால் இழுத்து மட்டமாக்கிவிடுங்கள்.

தடம் கிடைத்ததும் குந்தியிருந்து கிட்டப் பாருங்கள். நரிக்கும் நாய்க்கும் நான்கு விரல் தடம், நான்கு நகத் தடம். நகமே பதியாமல் வட்டமாக இருந்தால் அது பூனை இனம்: காட்டுப்பூனையாகவோ மீன்பிடிப் பூனையாகவோ இருக்கலாம். நரியின் தடம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நீளம், அகலம் அதைவிடக் குறைவு. முக்கியமான அடையாளம் முன்னங்காலில் இருக்கிறது. நடு விரல்கள் இரண்டின் மெத்தைகளும் பின்பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நல்ல சேற்றில் அந்த ஒட்டு தெளிவாகத் தெரியும். நாய்க்குப் பெரும்பாலும் நான்கு மெத்தைகளும் தனித்தனி.

அடுத்து, ஒரு தடத்தோடு நில்லாமல் தடம் போகும் வழியைப் பாருங்கள். நரி வந்த வேலையை முடித்துவிட்டுப் போகும் பிராணி. முன்கால் பதிந்த இடத்தின் மேலேயே பின்காலை வைத்து, வரம்போடு நேர்கோடாகப் போயிருக்கும். ஊர் நாய் அங்குமிங்கும் மோந்து, வளைந்து, திரும்பி, ஓடிப் போயிருக்கும். நாலைந்து நாய் சேர்ந்து வந்தால் மண்ணே உழுதுபோட்ட மாதிரி இருக்கும்.

எச்சத்தையும் தேடுங்கள். நரி பாதை நடுவிலும் வரம்புச் சந்தியிலும் புல்முடிச்சு, கல் போன்ற உயர்ந்த இடங்களிலும் போடும், தன் எல்லையைச் சொல்வதற்காக. முறுக்கி, முனை கூர்ந்து இருக்கும். உள்ளே எலி மயிர், நண்டு ஓடு, பழக் காலத்தில் பாலைப்பழ விதை, இலந்தைக் கொட்டை. சோறு தின்னும் நாயின் எச்சத்தில் இவை இராது. தடியால் கிளறுங்கள், கையால் வேண்டாம். நாடாப்புழு முட்டை இருக்கக்கூடும். கொட்டைகள் மட்டுமே குவியலாக மதில் மேலோ கூரை மேலோ கிடந்தால் அது மரநாய்.

இனி, கடிபட்டுச் செத்த குட்டிகளைப் பற்றி. புதைக்குமுன் கழுத்துத் தோலையும் தொடைத் தோலையும் கொஞ்சம் உரித்துப் பார்த்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். பல் பதிந்த இடத்தில் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தால், உயிரோடு இருக்கும்போது கடித்தது. பல் துளை இருந்தும் உள்ளே இரத்தக்கட்டு இல்லையென்றால், குட்டி ஏற்கெனவே செத்துவிட்டது, பிறகுதான் ஏதோ வந்து தின்றிருக்கிறது. கழிச்சலில் செத்த குட்டியை நரி தின்ற தடத்தைப் பார்த்துவிட்டு நரியைக் கொலைகாரனாக்கும் கதை நிறைய நடக்கிறது.

பின்னங்கால், வால், காது, விலா எல்லாம் கிழிந்து, பல ஆடுகள் காயப்பட்டு, தின்னாமல் விடப்பட்டிருந்தால் அது நாய்க்கூட்டம். நரி பசிக்கு வரும். சின்னக் குட்டியென்றால் தூக்கிக்கொண்டே போய்விடும், முடியாவிட்டால் வயிற்றைக் கிழித்துத் தின்னும். உங்கள் கடிதத்தில் இரண்டு குட்டிகள் தின்னப்படாமல் கிடந்தன என்று படித்ததும் எனக்கு நாய் ஞாபகம்தான் வந்தது. காணாமற்போன மூன்றாவதை நரி கொண்டுபோயிருக்கலாம், தடத்தைப் பார்த்தபின் சொல்லலாம்.

எதுவாயினும் செய்ய வேண்டியது ஒன்றே. குட்டிகளை இரவில் நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத்தளக் கொட்டிலில் அடையுங்கள், சுற்றிக் கம்பிவலை அடியுங்கள், வலையின் அடியை ஒரு சாணாவது மண்ணுக்குள் புதையுங்கள். ஈன்ற ஆட்டின் நச்சுக்கொடியை ஆழப் புதையுங்கள், அந்த வாடைதான் எல்லாவற்றையும் அழைக்கிறது. கடிபட்டுத் தப்பிய ஆடு இருந்தால் இன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள். விசர்நாய் நோய் நரியிலும் நாயிலும் ஆட்டிலும் வரும். அந்த ஆட்டின் வாய்க்குள் கைவிட்டு மருந்து பருக்க வேண்டாம். மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம்.

இரவில் ஊளை கேட்கிறது, இருபது முப்பது நரி இருக்கும்போல. பயப்பட வேண்டுமா? நரிக்கொம்பு என்று ஒன்றை ஒருவர் விற்கக் கொண்டுவந்தார், அது உண்மையா?
வாசகர், குச்சவெளி

இருபது முப்பது இராது, தம்பி. ஆணும் பெண்ணும் அந்த வருடத்துக் குட்டிகளும் சேர்ந்த ஒரு குடும்பம் ஊளையிட்டாலே அப்படித்தான் கேட்கும். குரலை ஏற்றி இறக்கி மாற்றிக்கொண்டே இருப்பதால் காது எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. பொழுதுபட்டதும் விடியுமுன்னும் கேட்பது வழமை. உங்கள் வயலில் எலியையும் நண்டையும் தின்பவை அவைதாம், இருக்கட்டும்.

கொம்பு பொய். அது கையில் இருந்தால் வழக்கில் வெல்லலாம், செல்வம் சேரும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் மிகப் பழையது. நரி நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்தில் எதற்கும் கொம்பு கிடையாது. எனக்கு ஒருவர் காட்டியது, மயிரோடு கூடிய தோலில் ஒட்டிய ஆட்டுக்கொம்பின் நுனி. அதற்காக நரியை வேறு கொல்கிறார்கள் என்பதுதான் என் வேதனை.

கனடா ஒன்ராறியோவில் இருக்கும் அண்ணா கார்த்திகை மாதத்தில் மான் வேட்டைக்குப் போகும் காணியில் கயோட்டி வருகிறது என்கிறார். தடத்தின் படம் அனுப்பியிருக்கிறார், ஓநாயோ என்றும் ஐயம். எப்படித் தெரியும்?
வாசகி, நிலாவெளி

கயோட்டி வட அமெரிக்காவுக்கு உரியது, நம் நரியின் உறவுக்காரன். தடம் 6 அல்லது 7 சென்ரிமீற்றர் நீளமான முட்டை வடிவம், நடு நகங்கள் இரண்டும் நெருங்கிப் பதியும். ஓநாயின் தடம் 10 சென்ரிமீற்றரை எட்டும், தாண்டும். அண்ணா அனுப்பிய படத்தில் அளவு தெரியவில்லை. அடுத்த முறை தடத்துக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பனியில் கயோட்டி நேர்கோடாகப் போகும், நம் நரியைப் போலவே.

எச்சம் பாதைச் சந்திகளில் கிடக்கும்: பெருவிரல் தடிப்பில், முறுக்கிய கயிறு மாதிரி. குளிர்காலத்தில் மான் மயிரும் எலும்புத் துண்டும், கோடை கடைசியில் பழ விதையும் இருக்கும். வேட்டைக்காரர் விட்டுப்போகும் மான் குடலைச் சுற்றித் தேடினால் தடம் நிச்சயம் அகப்படும். ஆனால் மான் மயிரைக் கண்டவுடன் கயோட்டி மானைக் கொன்றது என்று முடிவு கட்டவேண்டாம், செத்ததைத் தின்றிருக்கலாம்.

இன்னொன்று, அண்ணாவுக்கு உடனே சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக் கயோட்டிகளில் ஓநாய் இரத்தம் கலந்திருக்கிறது. அல்கொன்குவின் மாகாணப் பூங்காவைச் சுற்றிய பகுதிகளில் ஓநாயைச் சுடவும் தடை, கயோட்டியைச் சுடவும் தடை, ஏனென்றால் அங்குள்ள கிழக்கு ஓநாயையும் கயோட்டியையும் தூரத்தில் கண்ணால் பிரிக்க முடியாது. காணி எந்தப் பகுதிக்குள் வருகிறது என்பதை அந்த மாகாண வேட்டை விதிகளில் பார்த்துவிட்டுத்தான் துவக்கைத் தூக்க வேண்டும்.