ஆமம், லிவர், திரிகடுகம் – ஒரு கடிதம்

வணக்கம் சார், கோத்தகிரில இருந்து எழுதறேன். இங்க ஒரு ரிசார்ட்ல ஆயுர்வேத வகுப்பு நடந்துச்சு. செரிக்க வைக்கிற நெருப்பான அக்னிதான் என்சைமாம், சரியா செரிக்காம உடம்புல தங்கற ஆமம்தான் சயின்ஸ் சொல்ற டாக்ஸின், ஃப்ரீ ராடிக்கல் எல்லாமாம். தினமும் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் சாப்பிட்டா லிவர் க்ளீன் ஆயிடும்னு ஒரு டப்பாவும் வித்தாங்க. அம்மா ப்ரஷருக்கு ப்ரொப்ரனலால் போடறாங்க, அவங்களுக்கும் குடுக்கலாமா?
– எஸ்.

அன்புள்ள எஸ்,

அம்மாவுக்கு இப்ப குடுக்காதீங்க. மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட டப்பாவ காட்டிட்டு அப்புறம் பாக்கலாம், ஏன்னு கடைசில சொல்றேன்.

அக்னியும் என்சைமும் ஒண்ணுங்கறது பாதி சரி. பழைய ஆயுர்வேத ஆசான் சரகர் கணக்குல அக்னி 13, வயித்துல ஜடராக்னி ஒண்ணு, பஞ்சபூதத்துக்கு பூதாக்னி 5, ரத்தம் மாம்சம் மாதிரி உடம்போட தாதுவுக்கு ஒண்ணா தாத்வக்னி 7. வயித்தோட வேலை முடியல, ரசம் ரத்தம் மாம்சம்னு ஒவ்வொரு இடத்துலயும் திரும்ப செரிமானம் நடக்கணும்னு அந்தக் காலத்துல யோசிச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அது பெரிய விஷயம். பெப்சின், லிபேஸ் மாதிரி சாப்பாட்ட செரிக்கிற என்சைம் எல்லாம் ஜடராக்னி பக்கம், செல்லுக்குள்ள நடக்கிற மெட்டபாலிசம் தாத்வக்னி பக்கம்னு வெச்சுக்கலாம். அதுக்கு மேல ஜோடி சேர்க்கப் போனா மாட்டிக்குவோம், அவங்க பாத்தது பசியையும் நாக்குல படியற வெள்ளையையும் உடம்பு கனத்தையும், மாலிக்யூல இல்ல.

ஆமத்துக்கு வருவோம். ஊட்டி 2,240 மீட்டர், தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடுது, குக்கர் இல்லாம ராஜ்மா வெச்சா அரைவேக்காடுதான், அதுல லெக்டின்ங்கற புரோட்டீன் அழியாம நின்னு வாந்தி பேதி ஆகும். நல்லா வெந்தாலும் பயறுல இருக்கிற ராஃபினோஸ்ங்கற சர்க்கரைய உடைக்க நம்மகிட்ட என்சைம் கிடையாது, அது பெருங்குடலுக்குப் போயி பாக்டீரியா புளிக்க வெச்சு ஹைட்ரஜன் கிளம்புது, ரத்தம் வழியா மூச்சுல வெளிய வருது, ஆஸ்பத்திரில மூச்ச டெஸ்ட் பண்ணியே பால் செரிக்குதா இல்லையான்னு கண்டுபிடிக்கறாங்க. இத ஆமம்னு சொன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன். ஃப்ரீ ராடிக்கல் வேற கதைங்க, அது பட்டினி கிடந்தாலும் செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியால உண்டாகிட்டேதான் இருக்கும், கிருமிய கொல்ல வெள்ளணுவே அத தயாரிக்குது.

நிஜமான விஷம் ஒண்ணு கேட்டா அம்மோனியா. வேடிக்கை என்னன்னா புரோட்டீன் ஒழுங்கா செரிச்சு உடம்பு அத எரிக்கும்போதுதான் அது வருது, அக்னி நல்லா இருக்கும்போதே! லிவர் அத யூரியாவா மாத்தி கிட்னிக்கு அனுப்பிடுது, எப்படின்னு க்ரெப்ஸ், ஹென்ஸலைட்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1932லயே காட்டிட்டாங்க. டப்பா வராத காலத்துலயும் இது நடந்துட்டுதான் இருந்துச்சு.

இப்ப அந்த டப்பா. மிளகுலயும் திப்பிலிலயும் இருக்கிற பிப்பெரின், மருந்துகள உடைச்சு வெளியேத்தற லிவர் என்சைம்கள மந்தமாக்கும். அதாவது க்ளீன் பண்ற வேலைய அது தடுக்குது! 1998ல பெங்களூருல மனுஷங்களுக்கு மஞ்சளோட குர்குமின குடுத்து பாத்தாங்க, பிப்பெரின் சேர்ந்ததும் ரத்தத்துல 20 மடங்கு ஏறுச்சு. ப்ரொப்ரனலாலும், வலிப்புக்கு போடற ஃபெனிடாயினும் இதே மாதிரி ஏறுதுன்னு ஆய்வுகள் இருக்கு. அம்மாவுக்கு நாடி ரொம்ப கொறஞ்சு தலை சுத்தலாம். ரசத்துல தட்டிப் போடற மிளகுக்கு பயப்பட வேணாம், தினம் ஸ்பூன் ஸ்பூனா சூரணம் திங்கறதுதான் யோசிக்க வேண்டியது.

லேபிள்ல பஸ்பம்னு, அதாவது உலோகத்த சுட்டு பொடியாக்கினது, ஏதாவது இருக்கான்னும் பாருங்க. 2004ல பாஸ்டன்ல கடைல வாங்கின 70 ஆயுர்வேத பொருள சோதிச்சதுல 14ல ஈயம், பாதரசம், ஆர்சனிக்னு ஏதாவது ஒண்ணு இருந்துச்சு. லேபிளே இல்லன்னா நீங்களும் சாப்பிடாதீங்க, திருப்பிக் குடுத்து காசு வாங்கிடுங்க.